வடிவமைக்க விரும்புகிறீர்களா?

அண்ணே, பிரிண்டர் பார்க்க வந்தவர் நீங்கதானே? பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எட்டிப் பார்க்கிறதே, அதான் கேட்டேன். உட்காருங்க. இப்போது ஸ்டேஷனுக்குள் விட மாட்டார்கள். என்னையே அந்த ஏட்டம்மா வெளியே தள்ளிவிட்டார். "போடா வெளிய! கூப்புடுற வரைக்கும் இந்தப் பெஞ்சை விட்டு எந்திரிச்சே, காலை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!" எப்படி, அப்படியே வந்ததா? அந்தம்மா குரலை நான் கேட்டதே இன்றைக்குக் காலையில்தான். ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு. பேர் சோலைராஜ். ஊரில் மிமிக்ரி ராஜா என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

உங்களிடம் ஒரு உதவி அண்ணே. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உள்ளே போனதும் பிரிண்டரைத் தொடுவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்க. "அழிஞ்ச ஃபைலை மீட்டா தேதி மாறித்தான் வரும் மேடம்." அவ்வளவுதான். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் எதைச் சொன்னாலும் இது யார் குரல் என்றுதான் பார்க்கிறார்கள். நீங்க கம்ப்யூட்டர் ஆள். நீங்க சொன்னால் எடுபடும்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், சமாதானமாப் போங்க" என்று எழுதி வாங்கிக்கொண்டு, எங்க அக்காவை அதோ நிற்கிறதே அந்த வெள்ளைக் காரில் ஏற்றி அத்தானோடு அனுப்பிவிடுவார்கள். ஏறினால் திரும்பி வர மாட்டாள் அண்ணே. அவளே சொன்னாள். எங்க அக்கா பேர் பேச்சியம்மாள். பேர்தான் பேச்சி. பேச்சு என்பது வாயில் வராது. அவளே வாயைத் திறந்து ஒன்று சொன்னாள் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கோங்க.

அதோ, பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறதே, அது அக்கா மகள் தன்ஷிகா. தன்ஷி, இங்க வாடி, மாமா பக்கத்துல உக்காரு. வராது. முக்கால் மணி நேரமாக இப்படித்தான். பூனை மாதிரி கத்திப் பார்த்தேன், ஐஸ் வண்டிக்காரர் மாதிரி கூவிப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரிக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தான் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பேர் நவநீதன். பேருக்கேற்ற மாதிரி வெண்ணெய்க் குரல். விசேஷ வீட்டில் பந்தி வாசலில் நின்றுகொண்டு, "சாப்புட்டீங்களாண்ணே? அதெல்லாம் முடியாது, ஒரு வாய் சாப்புட்டுத்தான் போகணும், நம்ம வீடு." பாருங்க, சொல்லும்போதே எனக்குக் கழுத்து தானாகச் சாய்கிறது. ஊரே அவரைத் தங்கம் என்றுதான் சொல்லும். நானும் சொன்னேன். அந்தக் குரலில் கை வைத்து நான் வாங்கிய கைத்தட்டு கொஞ்சமில்லை. தன்ஷி காதுகுத்தில் மைக்கைப் பிடித்து அத்தான் மாதிரியே பேசினேன். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு கை தட்டினார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள். அந்த வீடியோதான் அண்ணே இப்போது என் கழுத்தை அறுக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இன்னொன்றும் செய்தேன். அவர் கடைக்குப் போன் போட்டேன். எடுத்தது வேலை பார்க்கிற பையன். "ம்ம்... தம்பி, இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல. கடையை அடைச்சுட்டு எல்லாரும் சினிமாவுக்குப் போங்க." போய்விட்டார்கள் அண்ணே! ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு மொத்தப் பேரும் மேட்னி ஷோவுக்குப் போய்விட்டார்கள்! லோடு இறக்க வந்த லாரிக்காரர் பூட்டைப் பார்த்து அத்தானையே கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். அத்தான் பெரிய மனுஷன். கோபமே படவில்லை. "நல்லா ஏமாத்திட்டியே மாப்ளே" என்று போனில் சிரிக்கிறார். அந்த வாரம் அம்மன் பொங்கலுக்கு அக்கா வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், வரவில்லை. குக்கர் ஆவி கையில் பட்டுவிட்டதாம். அவளுக்கு எப்போதும் இப்படித்தான், எதையாவது கையில் கொட்டிக்கொள்வாள். நான் அவளுக்கும் சேர்த்து இரண்டு தட்டு பொங்கல் சாப்பிட்டேன்.

சரி. போன புதன்கிழமை அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்கிறாள். பெட்டி இல்லை, பை இல்லை. செருப்புகூட ஒன்று அவளுடையது, ஒன்று அத்தானுடையது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பென்டிரைவை எடுத்து அப்பா கையில் வைத்தாள். "இதுல இருக்குப்பா." அவ்வளவுதான் சொன்னாள். போனில் எதையோ பதிவு பண்ணியிருக்கிறாள். மாடி வீட்டுக் காலேஜ் பெண்ணிடம் கொடுத்து பென்டிரைவில் ஏற்றச் சொல்லியிருக்கிறாள். ஏறி முடிவதற்குள் கீழே அத்தான் வண்டிச் சத்தம். அந்தப் பெண் பயத்தில் வெடுக்கென்று பிடுங்கிக் கொடுத்துவிட்டது. போனை அத்தான் சுவரில் அடித்துவிட்டார். மாடி வீட்டுக்காரர்கள் இப்போது கதவையே திறக்க மாட்டேன் என்கிறார்கள். ஆக, உலகத்தில் அக்காவுக்கென்று இருந்தது அந்தப் பென்டிரைவ் ஒன்றுதான்.

எங்க அப்பா ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார் அண்ணே. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நம்ம கடைதான். கடைக் கம்ப்யூட்டர் தமிழில் இருக்கும். நான்தான் மாற்றினேன். விளையாட்டுக்கு! அப்பா ஒரு கட்சிக்காரரிடம், "நம்ம கடையில எல்லாம் தமிழ்தாண்ணே, தமிழ்தான் மூச்சு" என்று அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு எப்படி வாங்குகிறது பார்ப்போம் என்று மறுநாள் விண்டோஸையே தமிழுக்கு மாற்றி வைத்தேன். இயக்ககம், கோப்புறை, பண்புகள்... அப்பா அரை நாள் மௌஸைப் பிடித்துக்கொண்டு திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனால் மாற்றிக் கொடு என்று கேட்க மானம் விடவில்லை. அப்படியே விட்டுவிட்டார். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டரைத் தமிழில் வைத்தது ஒரு தப்பா? நீங்களே சொல்லுங்க.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பா பென்டிரைவைச் செருகியிருக்கிறார். பாதியில் பிடுங்கியது இல்லையா, அது குழம்பிப்போய்க் கிடந்திருக்கிறது. ஃபார்மட் பண்ணவா என்பதைக் கம்ப்யூட்டர் தமிழில் கேட்டிருக்கிறது, "வட்டைப் பயன்படுத்தும் முன் அதை வடிவமைக்க வேண்டும். வடிவமைக்க விரும்புகிறீர்களா?"

ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் போய் வடிவமைக்கவா என்று கேட்டால் என்ன சொல்வார் அண்ணே? நாங்கள் அடிக்கிற ஒவ்வொரு ஃப்ளெக்ஸிலும் கீழே மூலையில் "வடிவமைப்பு: பேச்சியம்மன் டிஜிட்டல்ஸ்" என்று இருக்கும். அப்பாவுக்கு அந்த வார்த்தை சோறு போட்ட வார்த்தை. "நல்லா வடிவமை, தாயே" என்று சொல்லிக்கொண்டே 'ஆம்' அழுத்தியிருக்கிறார். அது விடவில்லை. மறுபடியும் கேட்டது, "எச்சரிக்கை: அனைத்துத் தரவும் அழிக்கப்படும்." அப்பா கண்ணாடி போடவில்லை. தரவு என்பதைத் தரகு என்று படித்துவிட்டார். இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தது வேலாயுதம் என்று ஒரு தரகர். அந்த ஆள்மேல் அப்பாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம். "தரகெல்லாம் அழிஞ்சு நாசமாப் போகட்டும்" என்று 'சரி'யை ஓங்கி ஒரு குத்து.

சிரிக்காதீங்க அண்ணே. சரி, சிரிங்க. நானும் சொல்லும்போது சிரிக்கிறேன்தான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நான் கடைக்குள் நுழைந்தபோது அப்பா திரையைக் காட்டி, "வடிவமைச்சு முடிச்சிருச்சுடா. ஆனா உள்ள ஒண்ணையும் காணோம்" என்றார். பின்னால் அக்கா நிற்கிறாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றேன், எங்க ஃபிசிக்ஸ் சார் குரலில். "எந்தப் பொருளும் அழியாது. உருமாறும். அவ்வளவே." யாரும் சிரிக்கவில்லை.

நெட்டில் தேடினேன். பென்டிரைவ் ஃபார்மட், ரிப்பேர், இலவசம். கொட்டிக் கிடக்கிறது! நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒரு பக்கத்தைத் திறந்தால் பச்சைப் பச்சையாக நாலு பட்டன். எல்லாம் டவுன்லோடு. எதை அழுத்தினாலும் ஒரு மாமி வந்து மூட்டுவலித் தைலம் விற்கிறாள். உண்மையான பட்டன் எறும்பு சைஸில் அடியில் ஒளிந்திருக்கிறது. தேடிப்பிடித்து இறக்கினேன். நல்ல அழகான சாஃப்ட்வேர். நடுவில் ஒரே ஒரு பட்டன், ரிப்பேர். அழுத்தினேன். ஒரு கோடு ஓடியது. பெரிய டிக் அடித்து, வெற்றிகரமாக ரிப்பேர் செய்யப்பட்டது, உங்கள் டிரைவ் இப்போது புதியது போல் உள்ளது என்று வந்தது.

புதுசுதான் அண்ணே. கடையில் வாங்கும்போது எப்படி இருக்குமோ அப்படி. வெறும் டப்பா. அது அதற்குள்ளே இன்னொரு தடவை ஃபார்மட் பண்ணிவிட்டது. நம்ம ஊரில் "வண்டி ரிப்பேர்" என்றால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். அந்தச் சாஃப்ட்வேருக்கு யாரோ தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா கேட்டாள், "வந்துருச்சாடா?"

"வருதுக்கா."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "வந்துருச்சாடா?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கதவு ஓரம் உட்கார்ந்து தெருவில் போகிற ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கார் போனால் மட்டும் பிள்ளையின் தலையை முந்தானையால் மூடினாள். இதுவும் போனால் என்ன செய்வது? ஒரு கட்டத்தில் எனக்கே தோன்றியது, எதற்கு இவ்வளவு அவஸ்தை, அதில் அத்தான் என்ன பேசினார் என்று அக்கா சொன்னால் நானே பேசிப் பதிவு பண்ணிவிட மாட்டேனா? சொல்லியும் விட்டேன். அப்பா அறைந்தார். என் வாழ்க்கையில் அவர் என்னை அறைந்தது அதுதான் முதல் தடவை. திறமையை மதிக்கத் தெரியாதவர்.

மறுநாள் மறுபடி தேடினேன். மீட்கிற சாஃப்ட்வேர் என்று இன்னொரு வகை இருக்கிறதே, அது. அதுவும் இலவசம். தோண்டத் தோண்ட ஏதேதோ வந்தது. யாருடைய கல்யாணப் பாட்டோ, பாதி அறுந்துபோன ரைம்ஸ். கடைசியில் ஒரு ஆடியோ. பேர் போய்விட்டது, ஏதோ நம்பர்தான் பேராக இருந்தது. தேதியும் போய்விட்டது. அன்றைக்குத் தேதியைப் போட்டுக்கொண்டு வந்தது. வந்ததே போதும் என்று நான் கடைக்குள் குதித்தேன். தேதி என்ன பெரிய தேதி என்று நினைத்தேன்.

கேட்டோம். அக்கா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

ம்... எப்படிச் சொல்வது. முதலில் மின்விசிறிச் சத்தம். அப்புறம் அத்தான். ஆனால் பந்தி வாசல் குரல் இல்லை அண்ணே. அடி நாக்கில் இருந்து வருகிற குரல். கத்தவே இல்லை. "ம்ம்... கதவைச் சாத்து." அந்த 'ம்ம்' மூக்கிலிருந்து தொடங்குகிறது. நான் இத்தனை நாள் அதை வாயால் செய்துகொண்டிருந்தேன். அட, இங்கேதான் விட்டுவிட்டோம் என்று எனக்குப் பட்டது. அப்புறம் தாழ்ப்பாள் சத்தம். அப்புறம் 'கிணிங்' என்று ஒரு சத்தம், கண்ணாடியில் எதையோ வைத்த மாதிரி, ஒரு தடவை இல்லை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. எனக்கு அது புரியவில்லை. மீட்கும்போது சாஃப்ட்வேர் செய்த கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் அடி. அப்புறம் யாரோ ஒரு பெண் பிள்ளை, "இல்லைங்க, இல்லைங்க, இல்லைங்க" என்கிறது. யார் அது என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா எழுந்து வெளியே போய், அடுக்கி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் சட்டங்களை மறுபடியும் கலைத்து அடுக்கினார்.

எனக்கு எல்லார் குரலும் வரும். அக்கா குரல் மட்டும் வராது. அவள் பேசினால்தானே அண்ணே பிடிப்பதற்கு.

இன்றைக்குக் காலையில் இங்கே வந்தோம். இன்ஸ்பெக்டர் அம்மா பதிவைக் கேட்டார். முகம் ஒன்றும் காட்டவில்லை. அத்தான் வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முழுசும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார், பாவம் என்கிற மாதிரி.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. அந்த ஃபைலோட தேதியைப் பாருங்க. அவ வீட்டை விட்டுப் போனதுக்கு அப்புறம் உள்ள தேதி. நடுவுல கிணிங் கிணிங்னு ஒரு சத்தம் வருது, வெட்டி ஒட்டியிருக்காங்க. அவங்க வீட்டுலயே கம்ப்யூட்டர் கடை. அப்புறம் இந்தத் தம்பி..." என்று என்னைக் காட்டி, போனை எடுத்துக் காதுகுத்து வீடியோவைப் போட்டார். கடையைச் சாத்த வைத்த கதையையும் சொன்னார். கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டே. ஏட்டம்மா சிரித்தே விட்டார். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கும் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது.

"நீயாடா இது?"

"ஆமா மேடம்." கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன். அப்பா முதுகில் கிள்ளினார்.

"எங்க, பேசிக்காட்டு."

அண்ணே, நான் முட்டாள் இல்லை. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாகப் பேசினால் அக்கா கதை முடிந்தது. மோசமாகப் பேச வேண்டும். கேவலமாகப் பேச வேண்டும். காக்கா கத்துகிற மாதிரி பேச வேண்டும். அக்கா என்னைப் பார்த்தாள். அப்பா என் காலை மிதித்தார். முதலில் பந்தி வாசல் குரலைக் கொஞ்சம் கோணலாகப் பேசினேன். பரவாயில்லாமல் கேவலமாக வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் அம்மா, "அது இல்லடா. இந்தப் பென்டிரைவுல இருக்குதுல்ல, அதைப் பேசு" என்றார்.

அத்தான் என் தோளில் கை வைத்தார். "பேசு மாப்ளே, பயப்படாத. உனக்குத்தான் நல்லா வருமே."

அந்தக் கை தோளில் இருந்தது அண்ணே. வேறு ஒன்றும் இல்லை. அந்தக் கை இருந்தது. நான் காக்கா மாதிரிதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் அந்த 'ம்ம்' மூக்கிலிருந்து தானாகத் தொடங்கிவிட்டது. தொடங்கியபின் எப்படி நிறுத்துவது?

"ம்ம்... கதவைச் சாத்து."

நான் பேசியதிலேயே அதுதான் சிறந்தது. அத்தானே தோளில் இருந்து கையை எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எங்க வீட்டுப் பெண்கள் என் மானத்தை வாங்கிவிட்டார்கள். முதலில் தன்ஷி. பொம்மையைக் கீழே போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் அம்மா மேசைக்கு அடியில் நுழைந்து, காதைப் பொத்திக்கொண்டு ரைம்ஸ் பாட ஆரம்பித்தது. அக்கா எழுந்தாள். நேரே போய் ஸ்டேஷன் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அண்ணே. திரும்பி வந்து ஒரு கை வளையலைக் கழற்றி இன்ஸ்பெக்டர் மேசைக் கண்ணாடி மேல் வைத்தாள். கொஞ்சம் விட்டு இன்னொரு கை வளையல். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

கிணிங். கொஞ்சம் விட்டுக் கிணிங்.

அதே சத்தம்! என் காது தப்பாது. அப்போது அது சாஃப்ட்வேர் கோளாறே இல்லை! சாஃப்ட்வேர் நன்றாகத்தான் மீட்டிருக்கிறது! நான் அதை இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்படிப் பேசியிருக்கிறேன், நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை, ஒரு வார்த்தை? நான் பேச ஆரம்பித்ததிலிருந்தே அவர் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பென்டிரைவை மறுபடி ஓடவிட்டார். அந்தச் சத்தம் வந்த இடத்தில் நிறுத்தினார். மேசையில் இருந்த வளையலை எடுத்து மறுபடி கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

அத்தான், "நடிக்கிறா மேடம், அக்காளும் தம்பியும் சேர்ந்து நடிக்கிறாங்க" என்றார். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அந்த உடைசலையும் நான் பிடித்து வைத்திருக்கிறேன்.

"மேடம், நான் இன்னும் முடிக்கலை" என்றேன். அப்போதுதான் ஏட்டம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, மேசைக்கு அடியில் இருந்த பிள்ளையையும் எடுத்து என் கையில் கொடுத்து, இரண்டு பேரையும் இங்கே கொண்டு வந்து விட்டுவிட்டார்.

கெடுத்துவிட்டேன் அண்ணே. நன்றாகப் பேசிக் கெடுத்துவிட்டேன். இனி எவ்வளவு சொன்னாலும் அந்தப் பதிவில் இருப்பது நான்தான் என்பார்கள். அதனால்தான் கேட்கிறேன். தேதி. தேதி மாறும் என்று மட்டும் சொல்லுங்க. எழுதிக்கூடக் கொடுங்க, உங்க கையெழுத்து மாதிரி எனக்கு எழுத வராது. எனக்குக் குரல்தான் வரும்.

ஏன் அண்ணே என்னை அப்படிப் பார்க்கிறீங்க? நான் சொன்னதில் என்ன விட்டுப்போனது? குக்கர் ஆவியா? அது எப்போதோ நடந்ததாயிற்றே. அந்த லாரி வந்த நாளா? லாரி வந்தது வெள்ளிக்கிழமை. அக்காவுக்குக் கையில் பட்டது... அதுவும் வெள்ளி... இருங்க.

இருங்க அண்ணே.

நான் சினிமாவுக்குப் போங்க என்று...

"கம்ப்யூட்டர் தம்பி! நீங்கதான? உள்ள வாங்க. பிரிண்டரைச் சட்டுனு பாருங்க, எஃப்ஐஆர் போட்டாச்சு, அந்தம்மாவுக்கு ஒரு காப்பி குடுக்கணும். ஏய், உன்னைச் சொல்லலை, நீ அங்கயே உக்காரு!"

அது நான் பேசவில்லை அண்ணே. ஏட்டம்மாவேதான். கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார், பாருங்க.

எந்த அம்மாவுக்குக் காப்பி? அண்ணே, எந்த அம்மாவுக்கு என்று கேளுங்க. நான் கேட்டால் சொல்ல மாட்டார்.

உஸ்ஸ். கதவைச் சாத்திவிடாதீங்க. உள்ளே யாரோ பேசுகிறார்கள்.

"உடைஞ்சா கையில குத்தும் மேடம். அப்புறம் உடையுற சத்தம் மாடி வீட்டுக்குக் கேக்கும். அதனால கழட்டி வச்சிரணும். மொதல்ல பிள்ளையை அந்த ரூமுக்கு அனுப்பிரணும், அப்புறம் வளையல். அவரு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டிருக்க மாட்டாரு. கதவைச் சாத்துன்னா போதும். மொத தடவை காதுகுத்து அன்னைக்கு, பட்டுப்பாவாடை கட்டின பிள்ளை முன்னாடி..."

யார் அது? எவ்வளவு நீளமாகப் பேசுகிறாள். நிறுத்தாமல். திக்காமல்.

தன்ஷி எழுந்து கதவுப் பக்கம் போகுது பாருங்க. "அம்மா" என்கிறது.

அண்ணே, நீங்க உள்ளே போங்க. தேதியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். பிரிண்டரை மட்டும் பாருங்க. அது ரிப்பேர் ஆகியிருந்தால் ரிப்பேர் பண்ணிக் கொடுங்க, எந்த அர்த்தத்தில் என்று உங்களுக்குத் தெரியும். கதவை மட்டும் கொஞ்சம் திறந்தே வைத்துவிட்டுப் போங்க.

இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இது எனக்கு வராது.